மண்டபத்திலிருந்து ஒரு ரோபோ கால்பந்து அணி

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் கடையின் பின்கட்டு பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ பட்டறையாகிவிடும். தொண்டி, கீழக்கரை பக்கமிருந்து சிலர், "எங்க பிள்ளைகளையும் தயார் பண்ணணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் போட்டி 1997-இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியது. 2050-க்குள் மனிதர்களின் உலகக் கோப்பை அணியை ரோபோ அணி ஜெயிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அது பெரியவர்கள் பாடு. நம் பிள்ளைகளுக்கு ரோபோகப் ஜூனியர். பக்கத்துக்கு இரண்டு ரோபோ, பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் ஐந்து நிமிடம் இடைவேளை. ரிமோட் கிடையாது, ரோபோ தானாகவே பந்தைத் தேடி ஆட வேண்டும். விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எடை, விட்டம் எல்லாம் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போன வருஷக் கணக்கை நம்பி மோட்டார் வாங்காதீர்கள்.

அந்தப் புத்தகத்தில் முதலில் படிக்க வேண்டியது வேறொரு பக்கம். போட்டி நடக்கும்போது பிள்ளைகள் வேலை செய்யும் இடத்துக்குள் வழிகாட்டிகளுக்கு அனுமதி இல்லை. நீங்கள் எவ்வளவு பெரிய மெக்கானிக் ஆனாலும் சரி, கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எனவே உங்கள் கை படாமல் ரோபோ ஓட வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பிள்ளைகள் பார்க்காத நேரத்தில் ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் மல்டிமீட்டரை வைத்து எது என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். முதலில் திட்டுவார்கள். அப்புறம் அவர்களே ஒருவர் ரோபோவில் ஒருவர் கம்பி பிடுங்க ஆரம்பிப்பார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஆடுகளம் செய்வது சுலபம். சுவருக்குள் மொத்த அளவு 182-க்கு 243 சென்டிமீட்டர். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை ஒன்றும், அதே பலகையை நீளவாக்கில் அறுத்த பாதியும் சேர்த்தால் அளவு கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். சுற்றிலும் 22 சென்டிமீட்டர் உயரத்தில் கறுப்புச் சுவர். மேலே பச்சைக் கம்பளம் வேண்டும். கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் கேளுங்கள், ஓரம் கிழிந்த துண்டு எப்போதும் அவரிடம் கிடக்கும். கோல் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். சிமெண்ட் தரையில் மட்டும் பழகிய ரோபோவைக் கம்பளத்தில் விட்டால் திணறிப்போகும், அதனால் கம்பளத்தை முதல் வாரமே விரித்துவிடுங்கள்.

அகச்சிவப்பு ஒளி விடும் பந்தை வைத்து ஆடும் பிரிவில்தான் புதியவர்கள் பெரும்பாலும் இறங்குவார்கள். சென்சார் வாங்கும்போது கவனம். டிவி ரிமோட்டுக்கான டிஎஸ்ஓபி வகை ரிசீவர் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது பந்திலிருந்து தொடர்ந்து வரும் ஒளித் துடிப்பை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். பந்து எதிரிலேயே இருக்கும், ரோபோவுக்குத் தெரியாது. இப்படித் தொடர்ந்து வரும் துடிப்பைப் பார்ப்பதற்கென்றே டிஎஸ்எஸ்பி என்று ஒரு வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. நம்மூர் பன்னிரண்டு மணி வெயில் ஜன்னல் வழியாகக் களத்தில் விழுந்தால் எந்த சென்சார் சொல்வதையும் நம்ப முடியாது. கேமராவால் கோலைப் பார்க்கிற அணி என்றால் நேர்மாறு: பகல் வெளிச்சம், குழல் விளக்கு, மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் பழகி, நிற அளவை ஐந்து நிமிடத்துக்குள் திருத்தி அமைக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரங்கின் விளக்கு எப்படி இருக்கும் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது.

திசைகாட்டி சென்சார் பற்றி நம் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்க வேண்டாம். படகில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் என்ன ஆகும் என்று கடலோடிகள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். மோட்டாரிலும் காந்தம்தான் இருக்கிறது. சென்சாரை மோட்டாரை விட்டு உயரத்தில், பித்தளை அல்லது பிளாஸ்டிக் தூணில் நிறுத்தச் சொன்னால் போதும்.

இனி உப்பு. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ எழுதுகிற எந்தக் குறிப்பிலும் இது இருக்காது. நம் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஈயம் வைத்த இடம் பார்க்க நன்றாகவே இருக்கும், கனெக்டரின் உள்ளே தொடர்பு விட்டுவிட்டு வரும். ஆடிக்கொண்டிருக்கும்போதே ரோபோ நின்று, தட்டினால் ஓடும். தட்டினால் ஓடுகிற எதையும் நம்பாதீர்கள். வேலை முடிந்த போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லப் பூசுங்கள். கனெக்டர், சுவிட்ச், சென்சார் முகம் மூன்றிலும் படக் கூடாது. இரவில் ரோபோவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கருவாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், உப்பைச் சொல்லவில்லை, பூனையைச் சொல்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் வேறு. எந்தப் பக்கமும் நகர உதவும் ஓம்னி சக்கரத்தைச் சுற்றியிருக்கும் குட்டி உருளைகளில் ஒரு மணல் சிக்கினாலும் ரோபோ கோணலாகப் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். எண்ணெய் விடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டும்.

காகித வேலையை ரோபோவுக்கு முன்னாலேயே ஆரம்பியுங்கள். உலகப் போட்டி அண்மை ஆண்டுகளில் ஜூலையில்தான் நடந்திருக்கிறது: 2023-இல் பிரான்ஸின் போர்தோ, 2024-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன், 2025-இல் பிரேசிலின் சல்வதோர். அதற்கு முன் நாட்டுக்குள் நடக்கும் போட்டியில் தகுதி பெற வேண்டும். தகுதி கிடைத்த பிறகு பாஸ்போர்ட் தேடினால் நேரம் போதாது. பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும், அப்பா வளைகுடாவில் இருந்தால் அதற்கே நாளாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், கையெழுத்துக்கு வசதி. ஆனால் அந்த 61 நாளும் வருமானம் இருக்காது. பல நாட்டு விசாவுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள், நம் வீடுகளில் மீன்பிடிப் பங்குப் பணம் கையோடு வந்து கையோடு போகிறது. அதனால் தடைக்காலத்துக்குப் பல மாதம் முன்பிருந்தே பணத்தைக் கணக்கில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். எனக்கும் அந்தக் காலத்தில்தான் கடையில் வேலை குவியும். படகெல்லாம் கரையேறி நிற்கும், எல்லாருக்கும் ஜிபிஎஸ் நாளைக்கே வேண்டும். உங்களுக்கும் அப்படி ஒரு தொழில் என்றால் பெரிய வேலைகளை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.

நடுவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து நேர்காணல் எடுப்பார்கள், சுவரொட்டியும் வைக்க வேண்டும். இந்த நிரலை நீ எழுதினாயா, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். முதலில் தமிழில் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டும், அதன் பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். மனப்பாடம் செய்தவன் இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடுவான். பல நாட்டு அணிகளைக் கலந்து சூப்பர் டீம் ஆட்டமும் உண்டு. கூச்சப்படுகிற பிள்ளைக்கு அங்கே வேலையே கிடைக்காது. ராமேஸ்வரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களிடம் வழி சொல்லிப் பழகட்டும், அது நல்ல பயிற்சி.

விமானத்துக்கு மூட்டை கட்டும்போது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 11.1 வோல்ட், 2200 எம்ஏஎச் பேட்டரி என்றால் 24.4 வாட்-மணி. விமானத்தில் பொதுவான வரம்பு 100 வாட்-மணி, அதனால் கவலை இல்லை. முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சார்ஜ் வைத்துக் கொண்டுபோங்கள். ஸ்க்ரூ டிரைவர், கட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாம் பெட்டிக்குள். அந்த நாட்டு பிளக்குக்கு அடாப்டர் இரண்டு. கருவிகள் ஒவ்வொன்றிலும் அணியின் பெயரை ஒட்டுங்கள், அங்கே எல்லா மேசையிலும் ஒரே மாதிரி ஆலன் கீதான் கிடக்கும்.