பழைய குட்டி லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது, வைஃபை மட்டும் வரவில்லையா? வரிசையாகப் பார்ப்போம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தேவனாம்பட்டினத்திலிருந்து அக்கா மகள் ஃபோன் செய்தாள். “மாமா, எம்எக்ஸ் லினக்ஸ் போட்டுட்டேன். நல்லா ஓடுது. வைஃபை மட்டும் வரமாட்டேங்குது. கூடப் படிக்கிற பொண்ணு வேற லினக்ஸ் மாத்திப் பாருங்கறா.”

பத்து அங்குல நெட்புக் அது. 2010 வாக்கில் வாங்கியது. ஆட்டம் பிராசசர், 2 ஜிபி ரேம். பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, பென்டிரைவில் ஏற்றி, அவளே லினக்ஸ் நிறுவியிருக்கிறாள். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

“எதையும் மாத்தாத. எந்த இடத்துல நிக்குதுன்னு முதல்ல பாப்போம்” என்றேன்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் உடனே தொட்டியை மாற்றுவதில்லை. மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, தொட்டியில் ஏறியிருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வைஃபைக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு: சுவிட்ச், கார்டு, டிரைவர் (கார்டை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்), சிக்னல், பாஸ்வேர்டு, முகவரி, கடைசியாக இணையம். வேறு லினக்ஸ் போட்டுப் பார்ப்பது இதில் பெரும்பாலும் டிரைவர் என்ற ஒரே இடத்தைத்தான் தொடும். மற்ற ஆறில் கோளாறு இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

தொடங்குவதற்கு முன்

இணையம் இல்லாத லேப்டாப்புக்கு இணையத்திலிருந்து டிரைவர் இறக்க வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் மலைத்துப் போகிறார்கள். வழி சுலபம். ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஃபோன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்தில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான லினக்ஸ்கள் இதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் கேட்காது. ஃபோன் அந்த நேரத்தில் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே லேப்டாப்புக்குக் கடத்தும், டேட்டா செலவாகாது. கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டெதரிங் பொத்தானே உயிர் பெறாது.

அடுத்து, டெர்மினல், அதாவது கட்டளைகளை எழுதும் சாளரம். பல லினக்ஸ்களில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். இல்லையென்றால் மெனுவில் இருக்கும். கட்டளைகளை அன்று ஃபோனில் சொன்னது போலவே இங்கேயும் எழுத்துக்கூட்டித் தருகிறேன். நான் வேறு மாதிரி சொல்லாதவரை எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். சொல்லுக்குச் சொல் இடம் விடுங்கள், முடிவில் என்டர்.

‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளை உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். எழுத்து எஸ், யூ, டி, ஓ. பாஸ்வேர்டை அடிக்கும்போது பல லினக்ஸ்களில் திரையில் புள்ளிகூட வராது, கர்சர் நகராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். முழுதும் அடித்து என்டர் தட்டுங்கள்.

முதல் படி: சுவிட்ச்

பழைய நெட்புக்குகளில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரு நகர்த்தும் சுவிட்ச் இருக்கும். நகத்தால்தான் தள்ள முடியும், அவ்வளவு சின்னது. அது இல்லாத மாடல்களில் எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசையை அழுத்த வேண்டும். பையில் வைத்து எடுக்கும்போது தானாகவே அணைந்திருக்கும்.

லினக்ஸ் என்ன நினைக்கிறது என்று கேட்க: சூடோ, பிறகு ஆர்எஃப்கில், பிறகு லிஸ்ட். நடுச்சொல்லை ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்று ஒட்டி எழுதுங்கள். வரும் பதிலில் ‘சாஃப்ட் பிளாக்டு’, ‘ஹார்ட் பிளாக்டு’ என்று இரண்டு வரி இருக்கும். இரண்டிலும் ‘நோ’ என்றால் இந்தப் படி தேறியது. சாஃப்ட் என்பதில் ‘யெஸ்’ வந்தால் மென்பொருள் பூட்டியிருக்கிறது: சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் திறக்கும். ஹார்ட் என்பதில் ‘யெஸ்’ வந்தால் அதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. சுவிட்சைத்தான் தேட வேண்டும். பயாஸிலும் (லேப்டாப்பை ஆன் செய்தவுடன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இரண்டாம் படி: கார்டு கண்ணுக்குத் தெரிகிறதா

எல், எஸ், பி, சி, ஐ ஒட்டி எழுதி, இடம் விட்டு, ஒரு ஹைஃபன், அதோடு ஒட்டி என், என், கே. வரும் பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ அல்லது ‘வயர்லெஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளி வைத்து ஓர் எண் இருக்கும். அதன் முதல் பாதியே கார்டின் சிப்பைச் செய்தவரைச் சொல்லிவிடும்: 8086 என்றால் இன்டெல், 168சி என்றால் அதெராஸ், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். இந்த எண்ணை முழுதாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் லேப்டாப் மாடலைவிட இந்த எண்தான் பயன்படும். ஒரே மாடலில் வேறு வேறு கார்டு போட்டு விற்றதுண்டு.

வெளியே குத்தும் யூஎஸ்பி வைஃபை என்றால் எல், எஸ், யூ, எஸ், பி என்று கேளுங்கள். எதிலும் கார்டு தெரியவில்லை என்றால் அது ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது செத்துவிட்டது.

மூன்றாம் படி: டிரைவரும் ஃபர்ம்வேரும்

அதே பதிலில் கார்டு வரிக்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று இருந்தால், டிரைவர் ஏறியிருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. பல கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் என்ற இன்னொரு சின்னக் கோப்பும் வேண்டும். டிரைவர் என்பது லினக்ஸ் பக்கம் நிற்கும் ஆள். ஃபர்ம்வேர் கார்டுக்குள்ளேயே போய் ஓடுவது. அது இல்லாவிட்டால் கார்டு பெயரளவில்தான் இருக்கும்.

கேட்டுப் பார்க்க: சூடோ டிமெசேஜ், அதாவது டி, எம், இ, எஸ், ஜி. அதன்பின் ஒரு செங்குத்துக் கோடு, பிறகு கிரெப், ஹைஃபன் ஐ, ஃபர்ம்வேர். கிரெப் என்பது ஜி, ஆர், இ, பி. பதிலில் ‘ஃபெயில்டு’ என்ற சொல் இருந்தால் நோய் இங்கேதான்.

இன்டெல் கார்டுக்கு, எம்எக்ஸ் போல டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் ‘ஃபர்ம்வேர் ஐடபிள்யூஎல்வைஃபை’, ரியல்டெக்குக்கு ‘ஃபர்ம்வேர் ரியல்டெக்’ என்ற தொகுப்புகள் உள்ளன. சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவும் செயலியில் தேடி நிறுவலாம். உபுண்டு, லுபுண்டு போட்டவர்களுக்கு இவை ‘லினக்ஸ் ஃபர்ம்வேர்’ என்ற ஒரே தொகுப்பில் அடங்கும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே பெரும்பாலான ஃபர்ம்வேர் கூடவே வந்துவிடுவதால் முன்பிருந்த அலைச்சல் குறைந்துவிட்டது. அந்தக் காலத்துப் பிராட்காம் கார்டுகள் மட்டும் விலக்கு. அவற்றின் ஃபர்ம்வேரைப் பகிர உரிமம் இடம் தராததால் ‘ஃபர்ம்வேர் பி43 இன்ஸ்டாலர்’ என்ற தொகுப்பு தனியே இணையத்திலிருந்து இறக்கித் தரும். யூஎஸ்பி டெதரிங் இந்த நேரத்துக்குத்தான். பழைய அதெராஸ் கார்டு வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். ஏடிஎச்5கே, ஏடிஎச்9கே டிரைவர்களுக்குத் தனி ஃபர்ம்வேரே வேண்டாம்.

அக்கா மகளின் கார்டு அந்த வகைதான். டிரைவர் ஏறியிருந்தது, பிழை ஒன்றும் இல்லை. ஆக, வேறு லினக்ஸ் மாற்றியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் போயிருக்கும்.

நான்காம் படி: ரவுட்டர் தெரிகிறதா

என், எம், சி, எல், ஐ ஒட்டி எழுதி, பிறகு டிவைஸ், வைஃபை, லிஸ்ட். ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் போட்டவர்களுக்கு இந்தக் கட்டளை இருக்காது. அங்கே கான்மேன் என்ற வேறு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, அதன் சாளரத்தைத் திறந்தால் இதே பட்டியல் கிடைக்கும்.

அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வந்து உங்களுடையது மட்டும் காணவில்லை என்றால், முதல் சந்தேகம் அலைவரிசை மேல். பழைய நெட்புக் கார்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கும். புது ரவுட்டரோ ஃபோன் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இதன் காதில் விழாது. ரவுட்டர் பக்கத்தில் 2.4ஐ ஆன் செய்யுங்கள். இரண்டாவது, சேனல். இந்தியாவில் 1 முதல் 13 வரை உண்டு. அமெரிக்க விதிப்படி அமைத்த கார்டு 11 வரைதான் பார்க்கும். ரவுட்டரில் ‘ஆட்டோ’ என்று விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைத்துவிடுங்கள்.

அக்கா மகளுக்கு வேறு மாதிரி. சிக்னல் என்ற பத்தியில் அவள் வீட்டு ரவுட்டருக்கு நேராக 17 என்று வந்தது. நூற்றுக்குப் பதினேழு. “ரவுட்டர் எங்க இருக்கு?” “பக்கத்து ரூம்ல, மாமா.” ரவுட்டருக்கு முன்னாலேயே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். 40. ஒரு முழம் தூரத்தில் 40 என்றால் ஆன்டெனாவில்தான் ஏதோ இருக்கிறது.

மறுநாள் காலை மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பிப் போனேன். பவர் வயரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடியிலிருந்த சின்ன மூடியின் இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பினோம். உள்ளே தீப்பெட்டி அளவில் கார்டு. அதன் தலையில் எள்ளை விடக் கொஞ்சம் பெரிய இரண்டு பித்தளைப் பொத்தான்கள். கறுப்பு வயர் ஒன்றில், வெள்ளை வயர் மற்றொன்றில் மாட்டியிருக்க வேண்டும். திரையைச் சுற்றி மேலே போகும் அந்த வயர்கள்தான் ஆன்டெனா. வெள்ளை கழன்று பக்கத்தில் கிடந்தது. கறுப்பு மாட்டித்தான் இருந்தது, ஆனால் எடுத்துப் பார்த்தால் பொத்தானைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கார்டின் தங்க நிறப் பற்களும் மங்கிப் போயிருந்தன.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தேவனாம்பட்டினமானாலும் புதுச்சேரி வைத்திக்குப்பமானாலும் கதவுக் கீலையும் ஜன்னல் கம்பியையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த லேப்டாப்பை மட்டும் விடுமா? நம் பக்கத்தில் பழைய லேப்டாப் எடுத்தால் இந்த மூடியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது என்பது என் அனுபவம்.

வேலை பத்து நிமிஷம்தான். கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் அது சாய்வாக எழும், மெல்ல வெளியே இழுக்கலாம். தங்கப் பற்களைப் பென்சில் அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்தோம். பொத்தான்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சியில். நன்றாகக் காய்ந்த பிறகு கார்டைச் செருகி, வயர்களை நேராக மேலே வைத்து விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் பொத்தான் பெயர்ந்துவிடும், அவசரப்பட வேண்டாம். வயரை எடுக்கும்போதும் அதைப் பிடித்து இழுக்காமல் தலையை நகத்தால் நெம்பி எடுங்கள்.

பக்கத்து அறையிலிருந்தே 72 வந்தது.

ஐந்தாம் படி: பாஸ்வேர்டு

பெரிய எழுத்து, சிறிய எழுத்து சரிபாருங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். பழைய கார்டுகள் பலவற்றால் அது முடியாது. டபிள்யூபிஏ2 என்று மாற்றிவிட்டு, லேப்டாப்பில் பழைய இணைப்பை அழித்துப் புதிதாக இணையுங்கள்.

ஆறாம், ஏழாம் படிகள்: இணைந்தது, ஆனால் எதுவும் திறக்கவில்லை

ஐபி, இடம் விட்டு, ரவுட் என்று கேளுங்கள். ‘டிஃபால்ட் வயா’ என்பதற்குப் பின் வரும் எண் உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த வரியே இல்லையென்றால் ரவுட்டர் முகவரி தரவில்லை. ரவுட்டரை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

வரி இருந்தால், பிங் என்று எழுதி அந்த முகவரியைக் கொடுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. நிறுத்த கன்ட்ரோல், சி. அடுத்து பிங் 8.8.8.8, இது கூகுளின் பொதுச் சர்வர். இது வரவில்லை என்றால் கோளாறு உங்கள் லேப்டாப்பில் இல்லை, இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள். இது வந்து, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில் கோளாறு. இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 என்று எழுதிச் சேமித்து, மறுபடி இணையுங்கள்.

எல்லாப் பிங்கும் வந்தும் பிரவுசர் மட்டும் ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று தடுக்கிறதா? தேதியைப் பாருங்கள். அக்கா மகளின் நெட்புக் 2010 ஜனவரி 1 என்று காட்டியது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஒரு காலம் உண்டு. 2010இல் நின்றுகொண்டு பார்த்தால் அவை எதுவுமே இன்னும் பிறக்கவில்லை. மென்பொருள் புதுப்பிப்பும் இதே காரணத்தால் மறுக்கும். தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது, ஆனால் அணைத்துப் போட்டால் மறுபடி 2010. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்திருந்தது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில மாடல்களில் வயரோடு ஒட்டிய செல்லாக இருக்கும், அதைக் கழற்றி மாதிரி காட்டி வாங்குங்கள்.

அடிக்கடி விட்டுப் போனால்

மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு அவ்வப்போது தூங்கப் போகும். சில பழைய கார்டுகள் எழுந்திருக்கத் தாமதிக்கும், வீடியோ நின்று நின்று வரும். என், எம், சி, எல், ஐ, பிறகு கனெக்‌ஷன், மாடிஃபை, உங்கள் வைஃபை பெயர் இரட்டை மேற்கோளுக்குள், பிறகு வைஃபை புள்ளி பவர்சேவ் இடைவெளியின்றி, கடைசியில் 2. வைஃபை பெயரை மட்டும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். 2 என்றால் தூங்காதே என்று பொருள். இணைப்பை ஒருமுறை துண்டித்து மறுபடி போடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அதற்குத் தயாராக இருங்கள். அக்கா மகள் சார்ஜரில் வைத்தேதான் படிக்கிறாள், அதனால் அவளுக்கு 2 போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.