சந்தாவை நிறுத்தும் முன்: பழைய இதழ்கள் கைவிட்டுப் போகாமலிருக்க

நூலகத்தில் மின்வளப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் ஆய்விதழ்ச் சந்தாவை நிறுத்தும்போது செய்யும் தவறுகளில் பாதி, ஒரு காலத்தில் நானும் செய்தவைதான். கெடு தேதியை மறப்பது, மெயிலை வேறு ஆளுக்கு அனுப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும்.

லைசென்ஸைப் பார்க்காமல் நிறுத்துவது

காசு கட்டிய வருடங்கள் பிறகும் திறக்கும் என்று பலர் சும்மா நம்பிக்கொள்கிறார்கள். பதிப்பகத்தோடு போட்ட லைசென்ஸ் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தால்தான் உண்டு. இருந்தாலும், பதிப்பகத் தளத்திலேயே தருவார்களா, வெளிக் காப்பகம் வழியாகவா, கோப்புகளாகக் கையில் கொடுத்துவிடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். சந்தா தொடங்குவதற்கு முந்தைய வருடங்களும் இத்தனை நாள் கூடவே திறந்திருக்கும். பெரும்பாலும் அவை சந்தாவோடு போய்விடும்.

வருடவாரித் தலைப்புப் பட்டியல் இல்லாமல் இருப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

பெரிய தொகுப்பாக வாங்கும்போது அதற்குள் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். சில இதழ்களுக்கு நிரந்தர உரிமை; மற்றவை சந்தா ஓடும்வரை எட்டிப் பார்க்க மட்டும். எது எந்த வகை என்பது வருடா வருடம் மாறும். ஆகவே 2013-இல் ஓர் இதழ் நம்முடையதா என்பதற்கு 2013-இன் பட்டியல்தான் சாட்சி.

கூட வேலை பார்த்த ஓர் இளைஞர் ஒரு தொகுப்பை நிறுத்தினார். அடுத்த ஜனவரியில், பல வருடம் காசு கட்டிய ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளுக்கும் பக்கத்தில் பூட்டுச் சின்னம். பதிப்பகத்தைக் கேட்டால், "அந்த இதழ் இப்போது எங்களிடம் இல்லை, புதிய பதிப்பகத்தைக் கேளுங்கள்." புதியவர்களோ, "எங்களுக்கு வந்த சந்தாதாரர் பட்டியலில் நீங்கள் இல்லை, சான்று அனுப்புங்கள்." கோப்பைப் புரட்டினால் இன்வாய்ஸில் ஒரே வரி: ஆன்லைன் ஜர்னல் தொகுப்பு, ஒரு வருடம். எந்த இதழ் என்று அதில் எங்கே இருக்கிறது? பட்டியல் வைத்திருந்த சந்தா ஏஜென்டையும் இடையில் மாற்றியாகிவிட்டது, பழைய லாகின் வேலை செய்யவில்லை. கடைசியில் வந்தது பழைய தொகுதிகளுக்கான விலைப்புள்ளி. ஏற்கெனவே காசு கொடுத்த அதே பக்கங்களுக்கு!

இதழ் கைமாறும்போது நிரந்தர உரிமைகளையும் மதிக்க வேண்டும் என்று 'டிரான்ஸ்ஃபர்' என்ற நடைமுறை விதிகள் இருக்கின்றன. ஆனால் ஏற்றுக்கொண்ட பதிப்பகங்களுக்குத்தான் அவை பொருந்தும். அப்புறம், இதழ் பெயர் மாறினால் அதன் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் மாறும். பழைய பெயரில் உள்ள வருடங்கள் விடுபடுவது சகஜம்.

ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் கையெழுத்தான லைசென்ஸ், இன்வாய்ஸ், தலைப்புப் பட்டியல் மூன்றையும் நூலகப் பொதுக் கோப்புறையில் போடுங்கள். பட்டியலில் ஐஎஸ்எஸ்என், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன உரிமை என்பவை இருக்க வேண்டும். தனியாள் இன்பாக்ஸில் வைத்தால் அவர் மாற்றலாகும்போது அதுவும் போகும்.

அக்ரிகேட்டரில் இருக்கிறதே என்பது

பல பதிப்பகங்களின் இதழ்களைச் சேர்த்துத் தரும் தரவுத்தளம்தான் அக்ரிகேட்டர். அதில் ஓர் இதழ் இன்று இருக்கும், நாளை பதிப்பகம் எடுத்துவிடும். புதிய கட்டுரைகள் ஒரு வருடம் தள்ளி வருவதும் உண்டு.

போர்ட்டிகோ காப்பாற்றும் என்பது

போர்ட்டிகோவும் கிளாக்ஸும் மின்னிதழ்களைப் பாதுகாத்து வைக்கும் வெளிக் காப்பகங்கள். அவை முதன்மையாக, இதழ் எங்குமே கிடைக்காமல் போகும் நிலைமைக்கானவை. நாம் சந்தாவை நிறுத்துவது அந்தக் கணக்கில் வராது. பதிப்பகம் சம்மதித்திருந்தால் மட்டும் போர்ட்டிகோ வழியாக நமக்கு உரிய வருடங்கள் கிடைக்கலாம்.

நூலகப் பட்டியலில் உள்ள இதழ் லிங்க்குகளை மொத்தமாக அழிப்பது

வேண்டாம். உரிமை உள்ள வருடங்களைக் காட்டும்படி வருட வரம்பை மட்டும் திருத்துங்கள்.

ஐபி மாறியதைச் சொல்லாமல் விடுவது

பதிப்பகத் தளம் நம் நூலகத்தை அடையாளம் காண்பது நெட்வொர்க்கின் ஐபி முகவரியை வைத்துத்தான். அதனால் சந்தா போனாலும் அது மாறியதைப் பதிப்பகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

சோதித்ததாக நினைத்துக்கொள்வது

சுருக்கம் திறந்தது, சரி என்று டிக் போட்டுவிடுகிறார்கள். சுருக்கம் யாருக்கும் திறக்கும். திறந்த அணுகல் கட்டுரையும் அப்படித்தான். உரிமை உள்ள முதல் வருடத்திலும் கடைசி வருடத்திலும் கட்டணக் கட்டுரை ஒவ்வொன்றை எடுத்து, நூலக நெட்வொர்க்கில் பிடிஎஃப்பை முழுதாக இறக்கிப் பாருங்கள். அதே கட்டுரையை மொபைல் டேட்டாவிலும் திறந்து பாருங்கள். அங்கே பூட்டியிருந்தால்தான் சோதனை செல்லும்.