உயரம் போதாதுன்னு திருப்பி அனுப்பினால்
சித்திரை வெயிலில் மதுரைக்கு வெளியே உள்ள தீம் பார்க்குக்குச் சின்னப் பிள்ளைகளோடு போனால் பெரிய தொல்லை கூட்டம் இல்லை, வரிசையில் அவ்வளவு நேரம் நின்ற பிறகு உயரம் போதாது என்று திருப்பி அனுப்புவதுதான். என் இளையவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், பாவம். அது பாதுகாப்புக்கான விதி, ஊழியரிடம் வாதாடக் கூடாது. அடுத்த தடவை முன்னாடியே போன் போட்டு எந்த ராட்டினத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டு, வீட்டு வாசல் நிலையில் செருப்பில்லாமல் அவளை அளந்து கோடு போட்டு, "இப்ப இதெல்லாம் ஏறலாம், அது வளர்ந்தப்புறம்" என்று அவளிடமே காட்டிவிட்டேன். அழுகையே இல்லை. அப்புறம், தண்ணீர்ப் பக்கம் சிமென்ட் தரை காலைச் சுடும், வார் வைத்த ரப்பர் செருப்பு வேண்டும். பருத்தி உடை நனைந்தால் கனக்கும். நைலான் உடையைக் கையோடு கொண்டுபோங்கள்.