லாகின் திரையில் தமிழ்: மொழி அமைப்பில் சறுக்கும் இடங்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டு வெளியே வந்தால், லாகின் திரை மட்டும் பழையபடி ஆங்கிலத்திலேயே நிற்கும். மாற்றம் சேமிக்கப்படவில்லை என்று நினைத்துப் பலர் மறுபடியும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். லாகின் திரையைக் காட்டுவது ஜிடிஎம், லைட்டிடிஎம், எஸ்டிடிஎம் எதுவானாலும், நீங்கள் உள்ளே வருமுன்பே தனக்கென ஒரு பயனர் கணக்கில் ஓடும் நிரல் அது. உங்கள் கணக்கின் விருப்பத்தை அது கேட்பதில்லை, கணினி முழுமைக்குமான அமைப்பைத்தான் பார்க்கும். ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகளில் அது /ஈடிசி/லோக்கேல்.கான்ஃப் கோப்பில் இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் /ஈடிசி/டீஃபால்ட்/லோக்கேல் கோப்பில். பல கணக்குகள் உள்ள கணினியில், க்னோம் டெஸ்க்டாப்பின் மொழி அமைப்புப் பக்கத்திலேயே லாகின் திரைக்குத் தனிப் பகுதி உண்டு. கோப்பைத் தொடுவதைவிட அது நல்லது.

கோப்பில் தமிழ் என்று எழுதினால் மட்டும் போதாது, அந்த லோக்கேல் (மொழி, தேதி வடிவம் போன்ற அமைப்புகளின் தொகுப்பு) கணினியில் உருவாக்கப்பட்டும் இருக்க வேண்டும். டெபியன் வகையிலும் ஆர்ச்சிலும் /ஈடிசி/லோக்கேல்.ஜென் கோப்பில் தமிழுக்கான வரியின் முன்னுள்ள # குறியை நீக்கிவிட்டு லோக்கேல்-ஜென் கட்டளையை ஓட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பெர்ல் மொழியில் எழுதிய நிரல்கள் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை கொட்டும். க்னோம் டெர்மினலின் பல பதிப்புகள் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் முறை) லோக்கேல் கிடைக்காவிட்டால் திறக்கவே திறக்காது.

அதிகம் பேரை வெளியே நிறுத்துவது கீபோர்டுதான். தமிழ்99 விசைப்பலகையைக் கணினி முழுமைக்கும் முதலாவதாக வைத்துவிட்டால், லாகின் திரையும் அதிலேயே தொடங்கும். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள் மட்டும்தானே தெரியும்! நீங்கள் ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைக்க, உள்ளே போவது தமிழ் எழுத்து. டெபியன் வகையில் /ஈடிசி/டீஃபால்ட்/கீபோர்டு கோப்பில் அமெரிக்க ஆங்கிலம் முதலில், தமிழ் இரண்டாவதாக இருக்கட்டும். மாற்றுவதற்கான விசைச் சேர்க்கையையும் அங்கேயே குறித்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால், திரையின் மூலையில் கீபோர்டு சின்னம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாறலாம்.

அப்புறம், எல்சி_ஆல் என்ற லோக்கேல் மாறி. இணையத்தில் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் இதைத்தான் வைக்கச் சொல்கின்றன. என்னைக் கேட்டால், எந்த அமைப்புக் கோப்பிலும் இதை நிரந்தரமாக எழுதவே கூடாது. தேதி, தாள் அளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உள்ள மற்ற எல்சி மாறிகளையும் லேங் மாறியையும் இது மிதித்துவிடும். அப்புறம் தேதிக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என்று பிரித்து வைக்க வழியே இருக்காது. அந்தப் பிரிப்புதான் லோக்கேலின் பெரிய வசதி. பொது மொழியை லேங் மாறியில் வைத்து, வேண்டியதை மட்டும் தனியாக மாற்றினால் போதும். மெனுக்கள் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தாலும் எல்சி_டைம், எல்சி_பேப்பர் இரண்டையும் இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஏப்ரல் 3 என்பது 04/03 என்று மாதம் முன்னே வந்து குழப்பும். அச்சடிக்கப் போனால் ஏ4 தாளுக்குப் பதில் லெட்டர் அளவு வந்து நிற்கும்.

எதை மாற்றினாலும் வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் தெரியும். தமிழுக்கு மாறியபின் முதல் தடவை நுழையும்போது, டவுன்லோட்ஸ் போன்ற ஃபோல்டர்களின் பெயரையும் மாற்றட்டுமா என்று க்னோம் கேட்கும். பழைய பெயரையே வைத்திருங்கள். பாதையை நேராக எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் பிழைக்கும், டெர்மினலில் ஒவ்வொரு முறையும் கீபோர்டை மாற்றித் தட்டவும் வேண்டாம்.

கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி, எழுத்து மட்டுமே உள்ள கன்சோல் திரைக்குப் போனால் தமிழ்ச் செய்திகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். லினக்ஸ் கன்சோலுக்குத் தமிழ் எழுத்துருவைக் காட்டத் தெரியாது. அங்கே மட்டும், கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் பதில் ஆங்கிலத்தில் வரும், படித்துவிடலாம்.