நிஃப்டி ஃபியூச்சர்ஸ்: முதல் லாட் எடுப்பதற்கு முன்னால்

பொங்கலுக்கு வந்திருந்த தங்கை மகன், சாப்பிட்ட கையைக் கழுவும்போதே ஆரம்பித்தான். "மாமா, ரெண்டு லட்சம் சேத்து வெச்சிருக்கேனுங்க. நிஃப்டி ஃபியூச்சர்ல ஒரு லாட் எடுக்கலாமுங்களா?"

"எத்தனை ரூபாய்க்குச் சரக்கு வாங்கப் போறே கண்ணு?" என்று கேட்டேன். "ரெண்டு லட்சத்துக்குத்தானுங்க" என்றான்.

அந்தப் பதிலில்தான் எல்லாத் தப்பும் தொடங்குகிறது. பதினாறு வருஷமாக இந்தச் சந்தையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கில்தான் அடிபடுகிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. அவர் வியாபாரத்தை வைத்தே சொல்கிறேன். 100 குவிண்டால் விரலி மஞ்சள், குவிண்டால் 8,000 ரூபாய் என்று பேசி, 1 லட்சம் அச்சாரம் கொடுக்கிறீர்கள். நீங்கள் வாங்கியது 8 லட்ச ரூபாய்ச் சரக்கு, 1 லட்ச ரூபாய்ச் சரக்கு அல்ல. விலை 7,000-க்கு இறங்கினால் குவிண்டாலுக்கு 1,000 வீதம் அச்சாரம் முழுவதும் போய்விட்டது. இறக்கம் எட்டில் ஒரு பங்குதான், ஆனால் கையில் இருந்த பணத்தில் மிச்சமே இல்லை. ஃபியூச்சர்ஸ் என்பது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம். அதற்குக் கட்டும் மார்ஜினும் இதே அச்சாரம்தான்.

இப்போது நிஃப்டிக்கு வருவோம். தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களை வைத்துப் போடும் குறியீடு அது. 1995 நவம்பர் 3-ஐ 1,000 என்று வைத்துத் தொடங்கிய கணக்கு. ஐம்பதுக்கும் சம எடை கிடையாது. எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் போன்ற சில பங்குகள்தான் குறியீட்டை இழுத்துக்கொண்டு போகும். அவற்றின் காலாண்டு முடிவு எப்போது வருகிறது என்பதை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். இந்தக் குறியீட்டின் மேல் ஃபியூச்சர்ஸ் வியாபாரம் 2000 ஜூன் 12 அன்று தொடங்கியது.

ஒரு லாட் என்பது ஒரு ஒப்பந்தத்தின் அளவு. 2026 ஜனவரி தொடரிலிருந்து அது 65, அதாவது விலையை 65-ஆல் பெருக்கினால் சரக்கின் மதிப்பு. அதற்கு முன் 75, அதற்கும் முன் 25, 50 என்றெல்லாம் இருந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சமாவது இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 அக்டோபரில் உத்தரவிட்டதால், குறியீடு ஏறி இறங்குவதைப் பார்த்து லாட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எக்ஸ்பைரியும், அதாவது ஒப்பந்தம் முடியும் நாளும், அப்படித்தான். பழைய வீடியோக்களில் மாதத்தின் கடைசி வியாழன் என்று சொல்வார்கள். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டிக்கு அது கடைசி செவ்வாய். அன்றைக்கு விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலைநாள். யார் சொன்னாலும், நான் சொன்னாலும் கூட, ஆர்டர் போடுவதற்கு முன் லாட்டையும் எக்ஸ்பைரி தேதியையும் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த நேரத்திலும் மூன்று மாத ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர் நடப்பு மாதத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். மூன்றாவது மாதத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலேயே சில புள்ளிகள் போய்விடும்.

ஸ்பாட், அதாவது குறியீட்டின் இப்போதைய அளவு, 25,000-இல் இருக்கும்போது ஃபியூச்சர் 25,080-இல் இருப்பதைப் பார்த்துச் சந்தை ஏறப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 80 புள்ளியில் பெரும்பகுதி வட்டி. பணத்தை முழுதாகக் கட்டாமல் ஒரு மாதத்துக்குச் சரக்கைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதற்கான கூலி. நடுவில் வரும் டிவிடெண்ட் அதில் கழியும். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க இந்த பிரீமியம் கரைந்து இரண்டு விலையும் ஒன்றாகிவிடும். குறியீடு அசையாமல் நின்றாலும் லாங்கில், அதாவது வாங்கி வைத்து, இருப்பவருக்கு அந்த 80 புள்ளி நஷ்டம்.

அடுத்தது எம்டிஎம், அதாவது அன்றாடம் கணக்குத் தீர்ப்பது. தங்கை மகனை உட்காரவைத்து அவன் கையாலேயே எழுதவைத்தேன். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 25,080-க்கு ஒரு லாட் வாங்குகிறீர்கள். சரக்கின் மதிப்பு 16,30,200. மார்ஜின் ஏறத்தாழ 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,95,600 ரூபாய். கணக்கில் இருப்பது சரியாக 2 லட்சம்.

முதல் நாள் செட்டில்மெண்ட் விலை 25,140. 60 புள்ளி லாபம், 65-ஆல் பெருக்கினால் 3,900. அது அன்றைக்கே கணக்கில் ஏறிவிடும். இப்போது இருப்பு 2,03,900. பையன் முகத்தில் சிரிப்பு. இரண்டாம் நாள் செட்டில்மெண்ட் 24,950. 190 புள்ளி இறக்கம், 12,350 ரூபாய் வெளியே போகிறது. இருப்பு 1,91,550. ஆனால் அன்றைய விலையில் வேண்டிய மார்ஜின் 1,94,610. 3,060 ரூபாய் பற்றவில்லை. புரோக்கரிடமிருந்து குறுஞ்செய்தி வரும். பணம் கட்டவில்லை என்றால் அபராதம் விழும், அல்லது அவரே உங்கள் பொசிஷனை, அதாவது கையில் இருக்கும் ஒப்பந்தத்தை, விற்று முடித்துவிடுவார் (ஸ்கொயர் ஆஃப்). மூன்றாம் நாள் காலையில் சந்தை திரும்பி 25,010-க்கு ஏறினாலும், அதைப் பார்க்கும்போது உங்கள் கையில் சரக்கு இல்லாமல் போகலாம்.

190 புள்ளி என்பது முக்கால் சதவீத இறக்கம். நிஃப்டிக்கு அது சாதாரண நாள். சாதாரண நாளைக்கே தாங்காத கணக்கு, 2 லட்சத்தில் ஒரு லாட் என்பது. ஒரு லாட்டுக்குக் குறைந்தது 5 லட்சமாவது வேண்டும், அதுவும் வீட்டுச் செலவுக்கோ பிள்ளைகள் படிப்புக்கோ தொடாத பணமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பங்குகளை அடமானம் வைத்து மார்ஜின் வாங்கலாம் என்பார்கள். ஆனால் இரவு தாண்டி வைத்திருக்கும் பொசிஷனுக்குப் பாதி மார்ஜினாவது ரொக்கமாகவோ அதற்கு ஈடானதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. எம்டிஎம் நஷ்டத்தையும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

சாதாரணமில்லாத நாள் எப்படி இருக்கும்? 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். முந்தைய நாள் கருத்துக் கணிப்புகளை நம்பி நிஃப்டி 700 புள்ளிக்கு மேல் ஏறி 23,263.90-இல் முடிந்திருந்தது. மறுநாள் முடிந்தது 21,884.50-இல். 1,379.40 புள்ளி. இன்றைய லாட்டில் கணக்குப் போட்டால் 89,661 ரூபாய், மார்ஜினில் கிட்டத்தட்டப் பாதி. நடுவில் ஒரு கட்டத்தில் 21,281 வரை போய்வந்தது. முந்தைய நாள் மாலை சந்தோஷமாகத் தூங்கப்போன பலர் அந்த அடிமட்டத்தில்தான் மார்ஜின் பற்றாமல் வெளியேற்றப்பட்டார்கள்.

ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே வைக்கும் ஆர்டர், போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்பீர்கள். ஸ்டாப் லாஸ் நல்லதுதான், கட்டாயம் போட வேண்டும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து போட வேண்டும். அந்த ஆர்டர் அன்றைய நாளோடு காலாவதி ஆகிவிடும். மறுநாள் காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் புதிதாகப் போட வேண்டும். இரவில் நடந்தவற்றுக்குச் சந்தை கேப் டவுனில், அதாவது முந்தைய நாள் விலையைவிட ஒரேயடியாகக் கீழே, திறந்தால், நீங்கள் மனதில் வைத்திருந்த விலை அங்கே இருக்காது.

பகலிலும் ஒரு ஆபத்து உண்டு. 2018 பட்ஜெட் அன்று எனக்கு நடந்தது. லாங்கில் ஒரு லாட் இருந்தது. ஸ்டாப் லாஸில் ட்ரிகர் விலை (ஆர்டரைக் கிளப்பிவிடும் விலை), லிமிட் விலை (அதற்குக் கீழே விற்காதே என்ற விலை) இரண்டையும் ஒரே எண்ணாகப் போட்டிருந்தேன். பங்கு லாபத்துக்கு நீண்டகால வரி என்ற அறிவிப்பு வந்ததும் விலை சரிந்தது. ட்ரிகர் தட்டியது, ஆனால் லிமிட் விலையில் வாங்க ஆளில்லை. விலை அதைத் தாண்டிக் கீழே போய்விட்டது. என் ஆர்டர் விற்பனை வரிசையில் அப்படியே நிற்கிறது, நான் வெளியே வந்துவிட்டதாக நினைத்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தபோது இன்னும் 60 புள்ளி கீழே. அன்றைய லாட் 75. அதோடு 4,500 ரூபாய் கூடுதலாகப் போனது. அன்றிலிருந்து விற்கும் ஸ்டாப் லாஸில் லிமிட்டை ட்ரிகருக்கு 20, 25 புள்ளி கீழே வைக்கிறேன். ஆர்டர் நிறைவேறியதா என்று ஆர்டர் புத்தகத்தைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

எவ்வளவு தூரத்தில் ஸ்டாப் லாஸ் வைப்பது? 5 லட்சம் முதலில் ஒரு வியாபாரத்துக்கு 2 சதவீதம், அதாவது 10,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 65-ஆல் வகுத்தால் 153 புள்ளி. உங்கள் சார்ட்டில் நியாயமான இடம் 250 புள்ளி தள்ளி இருக்கிறதென்றால், அந்த வியாபாரம் உங்கள் பணத்துக்கு ஏற்றதில்லை. விட்டுவிடுங்கள். ஸ்டாப் லாஸை நெருக்கி வைத்து உள்ளே நுழைவது தன்னைத்தானே ஏமாற்றுவது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பங்குப் பரிவர்த்தனை வரி விற்கும் பக்கம் மட்டும். 2024 அக்டோபரில் 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது, 2026 பட்ஜெட்டில் 0.05 ஆக்கினார்கள். 25,010-க்கு ஒரு லாட் விற்றால் 813 ரூபாய். புள்ளியில் சொன்னால் பன்னிரண்டரை. புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை எல்லாம் அதற்கு மேல். ஒரு நாளைக்கு நாலு தடவை உள்ளே வெளியே போய்வந்தால் 50 புள்ளி சம்பாதித்தால்தான் வரி அடையும். மாலையில் வரும் கான்ட்ராக்ட் நோட்டை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வருமான வரிக் கணக்கில் இது வியாபார வருமானம், ஐடிஆர் 3 படிவம். நஷ்டமானாலும் உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அடுத்த எட்டு வருடங்களுக்கு எடுத்துச் செல்ல முடியும்.

2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்தது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதைத் தங்கை மகனிடம் சொன்னபோது, "மீதி ஏழு பேர்ல நான் ஒருத்தனா இருக்கமாட்டனுங்களா?" என்றான். இருக்கலாம். அதற்கு வழி இருக்கிறதா என்று பணம் போகாமல் சோதித்துப் பார்க்கலாம், நானும் அதைத்தான் சொல்லவருகிறேன்.

முதல் ஆறு வாரம் நோட்டு மட்டும். வாங்கிய நேரம், விலை, காரணம் ஒரு வரி, ஸ்டாப் லாஸ், வெளியேறிய விலை, 65-ஆல் பெருக்கிய தொகை, செலவு கழித்த தொகை. ஒரு எக்ஸ்பைரியாவது அதற்குள் வர வேண்டும். காரணம் என்ற கட்டத்தை விலை நகர்வதற்கு முன்பே எழுத வேண்டும், பின்னால் எழுதினால் மனசு பொய் சொல்லும்.

அடுத்த மூன்று மாதம் நிஜப் பணம், ஆனால் சின்ன அளவில். முன்பு மினி நிஃப்டி என்று சிறிய ஒப்பந்தம் இருந்தது, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நிஃப்டிபீஸ் இருக்கிறது. குறியீட்டை அப்படியே பின்தொடரும் இடிஎஃப், அதாவது பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட். நிஃப்டி 25,000-இல் இருக்கும்போது ஒரு யூனிட் 280 ரூபாய் சுற்றி. 65 யூனிட் வாங்கினால் 18,200 ரூபாய். ஒரு லாட்டின் நூறில் ஒரு பங்கு ரிஸ்க், அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நிஃப்டி 190 புள்ளி இறங்கினால் 12,350-க்குப் பதில் 140 ரூபாய் போகும். ஃபியூச்சர் சார்ட்டைப் பார்த்து, அதே இடத்தில் நுழைந்து, அதே இடத்தில் வெளியேறுங்கள். ஷார்ட் அடித்து, அதாவது கையில் இல்லாததை முதலில் விற்று, இரவு தாண்ட முடியாது, அது ஒன்றுதான் குறை. 140 ரூபாய் நஷ்டத்தை ஒத்துக்கொண்டு வெளியே வரத் தயங்குகிறவர், 12,350-இல் என்ன செய்வார் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஷார்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபியூச்சர்ஸ் வந்ததே சூதாட அல்ல. 16 லட்ச ரூபாய்க்கு இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருக்கும் ஒருவர், தேர்தல் முடிவு மாதிரி ஒரு நாளைக்கு முன்னால் பயந்தால், ஃபண்டை விற்று வரி கட்டத் தேவையில்லை. ஒரு லாட் ஷார்ட் வைத்துவிட்டால் போதும். இங்கே இழப்பது அங்கே வந்துவிடும். ஏறினால் அந்த லாபமும் கிடைக்காது, அது காப்பீட்டுக்குக் கட்டும் விலை. என் வரையில் இந்தக் கருவியின் மிக நல்ல பயன் இதுதான்.

தங்கை மகன் நோட்டை முடித்துவிட்டான். ஆறு வாரத்தில் 23 வியாபாரம், செலவுக்கு முன் 9,000 சொச்சம் லாபம், செலவு கழித்தால் நஷ்டம். இப்போது 65 யூனிட்டில் இருக்கிறான். வாரத்துக்கு இரண்டு வியாபாரத்துக்கு மேல் இல்லை என்று அவனே முடிவு செய்திருக்கிறான். அடுத்த எக்ஸ்பைரி செவ்வாய் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நோட்டோடு ஈரோட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.