கவலையோடு ஜெபிக்க உட்காரும்போது

அரை மணி நேரம் ஜெபித்தும், எழும்போது நெஞ்சு முன்னைவிடக் கனத்திருக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் அங்கே நடந்தது, அதே கவலையை ஆண்டவர் பேரைச் சொல்லி இன்னொரு சுற்று சுற்றி வந்ததுதான். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை தேவனுக்குத் "தெரியப்படுத்துங்கள்" என்கிறது. அப்போஸ்தலனாகிய பவுல் அதை எழுதியது சிறையில் கட்டுண்ட நிலையில். தெரியப்படுத்த வேண்டுமானால், பயம் இன்னதென்று முதலில் நமக்கே பிடிபட வேண்டும்.

15 நிமிடம் போதும். படுக்கையில் வேண்டாம், நினைவு அலையும். நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு தாளும் பேனாவும் கையில் வேண்டும்.

படபடப்பு இருந்தால் முதல் 2 நிமிடம் மூச்சுக்கு. 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். இழுக்கையில் "கர்த்தராகிய இயேசுவே", விடுகையில் "எனக்கு இரங்கும்" என்று மனதுக்குள் சொல்லலாம். உடம்பைக் கவனிப்பதை அற்பமாக எண்ணாதீர்கள். சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தவை தூக்கமும் அடையும் தண்ணீரும்தான் (1 இராஜாக்கள் 19).

இனி தாள். எசேக்கியா ராஜா அசீரியரின் மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (2 இராஜாக்கள் 19:14). அதைத்தான் நாமும் செய்கிறோம். "எதிர்காலம்" என்று மொட்டையாக எழுதினால் பயன் இல்லை. "வியாழக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வரும், கட்டி என்று சொல்லிவிடுவார்களோ" என்று எழுதுங்கள். அதன் கீழே இரண்டு பத்தி: நாளை நான் செய்யக்கூடியது, என் கையில் இல்லாதது. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வைப்பது முதல் பத்தி. அதற்குப் பெலன் கேளுங்கள். ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்பது இரண்டாவது பத்தி. அதை வாய்விட்டு வாசித்து, 1 பேதுரு 5:7 சொல்கிறபடி அவர்மேல் வைத்துவிடுங்கள்.

வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம், ஆரம்பமே "எதுவரைக்கும்" என்ற முறையீடு. கோபமும் அழுகையும் ஜெபத்தில் வரலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அதன்பின் ஸ்தோத்திரம். அன்றைக்கு நடந்த மூன்று காரியங்களை, வலி குறைந்த ஒரு மணி நேரத்தைக்கூட, பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். கவலையையே நன்றியாக மாற்றிப் பேச வேண்டாம், மனம் அதை நம்பாது. கடைசி 2 நிமிடம் பேசாமல் இருங்கள்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: "சமாதானம் வந்துவிட்டதா" என்று நொடிக்கொரு தரம் தங்களையே சோதிப்பார்கள். அந்தச் சோதனையே பதற்றத்தைத் திரும்ப எழுப்பும். பிலிப்பியர் 4:7 தேவசமாதானம் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்கிறது. மூலமொழியில் அது காவலர் காவல் காப்பதைக் குறிக்கும் சொல். காவல் நிற்கும்போதும் வெளியே சத்தம் கேட்கலாம். இரவில் கவலை திரும்பினால், ஜெபத்தை முதலிலிருந்து தொடங்காமல் "இதை ஒப்புக்கொடுத்தாயிற்று" என்று ஒரே வரி சொல்லுங்கள். மறுநாளும் அதே விண்ணப்பமா? பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தபோது இயேசுவே அதே வார்த்தைகளை மூன்றாம் தரமும் சொன்னார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், திடீர்ப் பீதி அடிக்கடி வந்தால், டாக்டரைப் பாருங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல. பவுல் லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியே உட்கார்ந்து ஜெபிக்க வேண்டாம். உடனே ஒருவரைக் கூப்பிட்டு, அவரோடு அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஜெபத்தை வழியில் அவர் செய்யட்டும்.