முதல் தேநீருக்கு எதைக் கேட்பது?

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வரக்காப்பிதான். பால்மரம் சீவப் போகும் முன் தாத்தா குடித்தார், அப்புறம் அதுவே குடும்ப வழக்கமாகிவிட்டது. அதனால் 32 வயதில், சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை ஒன்றில்தான் முதல் முறையாகத் தேநீர் குடித்தேன். கேட்டது தே தாரிக். கெட்டிப்பாலின் இனிப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சரி என்று மறுநாள் தே ஓ கோசோங் கேட்டேன். பாலும் இல்லை, சீனியும் இல்லை; துவர்ப்பில் வாயே சுருங்கிப்போனது.

உங்களுக்கும் முதல் தடவை என்றால் 'தே சி, குராங் மானிஸ்' (ஆவிப்பால் தேநீர், இனிப்பு குறைவாக) என்று கேளுங்கள். ஆவிப்பாலில் இனிப்பு கிடையாது, சீனியைத் தனியாகப் போடுவார்கள், அளவு உங்கள் கையில். துவர்ப்புக்குக் காரணமான டானினைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும். தேயிலை மணமும் போகாது.

வீட்டில் போட்டால், தேயிலைப் பையை நன்றாகக் கொதித்த நீரில் 3 நிமிடம் ஊறவிட்டு எடுத்துவிடுங்கள். பிழிய வேண்டாம் (என் அத்தை கேட்கவே மாட்டார்). வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். ரொட்டி சானாயோடு பசியாறும்போது குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும்.